கண்ணாடியில் செத்த கிருமி

கரைவலை இழுத்துக்கொண்டிருந்த வின்சன் திடீரென்று கயிற்றை விட்டுவிட்டு மணலில் குந்தினான். மற்றவர்கள் முதலில் பகிடி, விளையாட்டு என்றுதான் நினைத்தார்கள். அவன் அப்படிப் பகிடி விடுகிற ஆள். ஆனால் வலை கரையேறி, மீன் பிரித்து, எல்லோரும் பங்கு எடுத்த பிறகும் அவன் எழும்பவில்லை. சுண்டிக்குளக் கரையிலிருந்து விசுவமடு வரைக்கும் அவனைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள்.

அவன் மனைவி புனிதமலர் பாயை விரித்தாள். அவனுக்கு வயிற்றுக்குத்து புதிதல்ல. முல்லைத்தீவுக் கரையில் சொந்த வீட்டில் இருந்த காலத்திலேயே நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிகிறது என்பான், சோடா குடித்துவிட்டு வள்ளம் ஏறுவான். சண்டையில் ஊரே எழும்பி ஓடி, விசுவமடுவில் வயலும் தோட்டமும் செய்கிற கனகலிங்கம் என்ற கமக்காரரின் வளவில் கொட்டில் போட்டபிறகு அது கூடிவிட்டது. பசித்தாலும் குத்தியது, தின்றாலும் குத்தியது. உடம்பு பாதியாகிவிட்டது.

"நாளைக்கு ஆசுப்பத்திரிக்குப் போறம்," என்றாள் புனிதமலர்.

"அங்க என்ன கிடக்கு? வெள்ளை மருந்துத் தண்ணிதான் தருவினம்."

"அதையாவது குடியுங்கோ."

அது தர்மபுரம் பக்கம் ஓலைக் கூரையோடு இருந்த சிறிய ஆசுப்பத்திரி. டொக்டர் தயாபரன் படிப்பு முடிந்து வந்த இளம் வயதுக்காரர். சனத்தோடு பொறுமையாகக் கதைப்பார் என்று பெயர் எடுத்திருந்தார். வின்சனின் வயிற்றை அமத்திப் பார்த்தார். என்ன குளிசை போடுறனீங்கள் என்று கேட்டார். வலை இழுத்த உடம்பு நோவுக்குத் தினமும் அஸ்பிரின், பின்னேரம் கொஞ்சம் சாராயம் என்று வின்சன் ஒளிக்காமல் சொன்னான்.

"இது வயித்துப்புண்," என்றார் டொக்டர். "அனேகமா உள்ளுக்க ஒரு கிருமி இருக்கு. புளிக்கிற வயித்துக்க ஒரு கிருமியும் சீவிக்காது எண்டுதான் முந்தி நாங்கள் நினைச்சனாங்கள். இது சீவிக்குது. புண்ணை ஆறவிடாது."

"அப்ப கிருமிக்கு மருந்து?" என்று புனிதமலர் கேட்டாள்.

"இருக்கு. ரெண்டு விதமான கிருமிக்குளிசையும் புளிப்புக் குறைக்கிற குளிசையும் சேத்து, ரெண்டு கிழமை விடாமப் போடவேணும். அம்மா, என்னட்டை அது இல்லை. அரசாங்க லொறியில வந்தது முடிஞ்சுது. அலுமாரியில கொஞ்சக் கிருமிக்குளிசை கிடக்கு. அது நெஞ்சுச்சளி கட்டி வாற குழந்தையளுக்கு. அதில கைவைக்க என்னால ஏலாது."

வெளி விறாந்தையில் ஒரு தாய், மூச்சு இழுக்கிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருந்ததைப் புனிதமலர் வரும்போதே கண்டிருந்தாள். ஆனாலும் கோபம் வந்தது. யாரில் என்று தெரியாத கோபம்.

"வேற ஒண்டுமே இல்லையோ டொக்டர்? இந்தக் காலத்தில படிச்ச ஆக்கள் எத்தினை கண்டுபிடிக்கினம்."

தயாபரன் கொஞ்சம் தயங்கினார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தபோது யாரோ தூக்கிவந்த பழைய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் தான் வாசித்ததைச் சொன்னார். எண்ணெய் உடையும்போது வருகிற அமிலங்கள் சிலவற்றை, மீனெண்ணெயில் இருப்பதையும் தேங்காயெண்ணெயில் இருப்பதையும், இந்தக் கிருமியின் மேலே விட்டுப் பார்த்திருக்கிறார்கள். கிருமி செத்திருக்கிறது.

"கொழுப்பமிலம் எண்டு சொல்லுறது. சவர்க்காரம் எண்ணெய்ப்பிசுக்கைக் கரைக்கிற மாதிரி, அது கிருமியின்ர தோலைக் கரைக்குது. ஆனா அம்மா, அது கண்ணாடிப் பாத்திரத்துக்க. மனிசன்ர வயித்துக்க அப்பிடி நடக்குமோ எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை."

"மீனெண்ணெய்தானே? எங்களுக்கு அது தெரியாததோ? சுறா ஈரலை உருக்கித்தானே வள்ளத்துக்குப் பூசுறனாங்கள்."

"சுறா ஈரல் வேண்டாம். அதில ஒரு சத்து அளவுக்கு மிஞ்சி இருக்கு, கூடினா ஈரலையே பழுதாக்கும். செய்யிறதெண்டா சாளை மாதிரிச் சின்ன மீனில செய்யுங்கோ." சொல்லி முடித்தபிறகுதான் தான் சம்மதித்துவிட்டதை டொக்டரே உணர்ந்தார் போலிருந்தது. கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு இருந்தார். "எண்டாலும் நான் சொல்லுறதை எல்லாம் கேக்கவேணும். அஸ்பிரின் நிப்பாட்டவேணும். சாராயம் நிப்பாட்டவேணும். கிழமைக்கு ஒருக்கா என்னட்டை வரவேணும். மலம் தார் மாதிரிக் கறுப்பாப் போனா அது இரத்தம், அண்டைக்கே வரவேணும். வேற ஒருத்தருக்கும் இந்த எண்ணெயைக் குடுக்கக் கூடாது."

"சத்தியமாக் குடுக்கமாட்டன்," என்றாள் புனிதமலர்.

சித்திரை மாதம், கடல் அமைதியாக இருந்தது, சாளை நிறையப் பட்டது. புனிதமலர் விடிய எழும்பிக் கரைக்குப் போய், வலை ஏறிய கையோடு புது மீனாகப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். பெரிய சட்டியில் தண்ணீர் விட்டு மெல்லிய நெருப்பில் அவியவிட்டு, மேலே மிதக்கிற எண்ணெயை அகப்பையால் வழித்து, துணியில் வடித்துப் போத்தலில் விட்டாள். முதல் இரண்டு தரமும் நெருப்புக் கூடிக் கருகிவிட்டது. மூன்றாம் தரம் மஞ்சளாகத் தெளிந்து வந்தது. வெயில் பட்டால் பழுதாகும் என்று டொக்டர் சொன்னபடி போத்தலை ஈரச் சாக்கில் சுற்றிக் குசினி மூலையில் வைத்தாள்.

அந்த மணம் வளவு முழுக்கப் பரவியது. கனகலிங்கத்தின் மனைவி இரஞ்சிதம் வீட்டுக்கும் கொட்டிலுக்கும் இடையிலிருந்த வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மூக்கைப் பொத்தினாள்.

"தங்கச்சி, வெள்ளிக்கிழமையில மட்டும் இதைச் செய்யாத. நான் விளக்கு வைக்கிற நாள்."

"இல்லையக்கா, வெள்ளியில அடுப்பு மூட்டமாட்டன்."

சொன்னபடியே நடந்தாள்.

வின்சன் முதல் நாள் கரண்டியைப் பார்த்துவிட்டு, "வள்ளத்துக்குப் பூசுறதை எனக்குப் பருக்கிறியோ மலர்?" என்றான். குடித்தான். ஓங்காளித்தான். மறுநாளும் குடித்தான். சாராயத்தை விட்டது அவனுக்குக் கஷ்டமாக இருந்தது, அஸ்பிரினை விட்டது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. உடம்பு நோகும்போதெல்லாம் புனிதமலர் சுடுதண்ணீர் ஒத்தடம் பிடித்தாள். கிழமை தவறாமல் அவனை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஆனி மாதம் வின்சன் இரண்டாம் தரம் சோறு கேட்டான். அதைக் கேட்டதும் புனிதமலர் குசினிக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்து சோறு போட்டாள். எரிவு குறைந்தது, முகத்தில் சதை வைத்தது. திரும்பவும் கரைவலைக்குப் போகத் தொடங்கினான்.

கதை பரவியது. சாளை எண்ணெயில் வயிற்றுப்புண் மாறுகிறதாம் என்று கடையில் கதைத்தார்கள். போத்தலோடு வந்தவர்களை எல்லாம் புனிதமலர் திருப்பி அனுப்பினாள். "டொக்டரிட்டைப் போங்கோ. அவர் சொன்னாத் தாறன்," என்றாள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

ஆவணியில் ஒரு காலை, கனகலிங்கம் தன் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றவர், வாய்க்கால் ஓரத்தில் குனிந்து சத்தி எடுத்தார். கோப்பித் தூள் கரைத்தது போல வந்தது. அடுத்தது சிவப்பாக வந்தது. இரஞ்சிதம் குழறிய சத்தம் கேட்டுப் புனிதமலர் ஓடினாள். வின்சன் அயல் வளவில் நின்ற லான்ட்மாஸ்டர் உழவு மெசினைக் கேட்டுப் பிடித்து, மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடுகிற அந்த மெசினில் இழுவைப் பெட்டியைப் பூட்டினான். புனிதமலர் கனகலிங்கத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பள்ளத்துக்குப் பள்ளம் விழுந்து ஆசுப்பத்திரி போய்ச் சேர்ந்தபோது அவருடைய கை குளிர்ந்திருந்தது.

"இரத்தம் ஏத்தவேணும்," என்றார் தயாபரன். "ஆர் குடுக்கிறியள்?"

புனிதமலர் சட்டைக் கையை மேலே தள்ளினாள். அவளுடைய இரத்தம் பொருந்தியது. லான்ட்மாஸ்டர் ஓட்டிவந்த அயல்வீட்டுப் பெடியனின் இரத்தமும் பொருந்தியது. மத்தியானம் அளவில் கனகலிங்கம் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார்.

அப்போதுதான் டொக்டர் இரஞ்சிதத்திடம் விசாரித்தார். வயிறு எவ்வளவு காலமாகக் குத்துகிறது, என்ன மருந்து எடுத்தவர் என்று. இரஞ்சிதம் புனிதமலரைப் பார்த்தாள்.

"மாசக்கணக்கா இந்தாக்களின்ர எண்ணெயைத்தான் குடிச்சவர். எண்ணெய் இருக்கு, இனி ஆசுப்பத்திரி என்னத்துக்கு எண்டு சொன்னவர். நாரி, இடுப்பு நோவுக்குக் கடைக்குளிசையும் போட்டவர். கறுப்பாப் போகுதெண்டு எனக்குச் சொன்னவர், நான் போங்கோ எண்டன், கேக்கேல்லை." அவள் குரல் உடைந்தது. "என்ர மனுசனைக் கொல்லப் பாத்திட்டியள்."

புனிதமலருக்கு விளங்கவில்லை. அவள் ஒரு துளி கூட யாருக்கும் கொடுக்கவில்லை. திரும்பி வின்சனைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீங்களோ குடுத்தது?"

"ஓம். மனுசன் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு வேலியடியில நிண்டுது. எங்களைக் காணியில இருக்கவிட்ட மனுசன் மலர். எப்பிடி இல்லையெண்டுறது?"

புனிதமலர் இரத்தம் எடுத்த கையை மடக்கிக்கொண்டு டொக்டருக்கு முன்னால் போய் நின்றாள்.

"டொக்டர், என்ர வீட்டில இருந்துதான் எண்ணெய் போயிருக்கு. நான் சத்தியம் பண்ணினனான். பிழை எங்களில."

"அவருக்கு இரத்தம் போனது அனேகமா அந்தக் கடைக்குளிசையால," என்றார் தயாபரன். "எண்ணெய் புண்ணை உடைக்கேல்லை. ஆனா எண்ணெய் இருக்கெண்ட நம்பிக்கையில அவர் இஞ்ச வரேல்லை. அதுதான் எனக்குப் பயமா இருந்தது."

"அப்ப என்ர மனுசனுக்குச் சுகமானது? அது எண்ணெயாலயோ, இல்லையோ?"

"தெரியாது. அஸ்பிரினை நிப்பாட்டினதால இருக்கலாம். சாராயத்தை விட்டதால இருக்கலாம். இந்தப் புண் தானா ஆறித் தானா வாறதும் உண்டு. எண்ணெயாலயும் இருக்கலாம்."

"தெரியிறதுக்கு என்ன செய்யலாம்?"

"எண்ணெயை மட்டும் நிப்பாட்டிப் பாக்கலாம். மற்றதெல்லாம் அப்பிடியே இருக்கட்டும்."

அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து சனம் கலையமுன் புனிதமலர் பங்குச் சுவாமியிடம் கேட்டு முன்னுக்குப் போய் நின்றாள். சபைக்கு முன்னால் கதைத்துப் பழக்கமில்லாதவள். முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "சாளை எண்ணெயில வயித்து வருத்தம் மாறினதெண்டு கதைக்கிறீங்கள். அது இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒரு மனுசன் அதை நம்பி இரத்தம் கக்கினவர். வயித்துக்குத்து இருக்கிறவை ஆசுப்பத்திரிக்குப் போங்கோ. நோவுக்குளிசை வாங்கிப் போடாதேங்கோ." அதே கதையை விசுவமடுச் சந்திக் கடையிலும், பிள்ளையார் கோயிலுக்குப் போகிற பெண்களிடமும் சொன்னாள். வேதக்காரப் பெண் கோயில் வாசலில் நின்று என்ன சொல்கிறாள் என்று கேட்க ஆட்கள் கூடினார்கள். அது அவளுக்கு வசதியாகப் போய்விட்டது.

எண்ணெய் நிறுத்திய பிறகும் வின்சன் நன்றாகத்தான் இருந்தான். புரட்டாசி போனது, ஐப்பசி போனது, குத்து வரவில்லை. அப்படியானால் எண்ணெய் ஒன்றும் செய்யவில்லையா என்று புனிதமலருக்கு மனம் சுருங்கியது. விடியக் கரைக்கு ஓடியதும் புகையில் கண் எரிந்ததும் வீணா என்று நினைத்தாள். கார்த்திகை மழை பிடித்து, கடல் அடித்து, தொழில் இல்லாமல் வின்சன் கொட்டிலுக்குள் அடைந்து கிடந்தபோது குத்து திரும்பி வந்தது. சாராயம் இல்லை, அஸ்பிரின் இல்லை, ஆனாலும் வந்தது. டொக்டரிடம் கேட்டு, பழுதாகாமல் மிச்சமிருந்த சாளை எண்ணெயைத் திரும்பக் கொடுக்கத் தொடங்கினாள். மார்கழி முழுக்கக் கொடுத்தாள். குத்து குறையவில்லை.

"கிருமி அங்கதான் இருக்கு," என்றார் தயாபரன். "கண்ணாடிக்க செத்தது, வயித்துக்க சாகேல்லை. இவருக்குச் சாகேல்லை எண்டுதான் நான் சொல்லலாம். பெரிய இடங்களில நிறையப் பேரில பாத்தாத்தான் முழுக்கச் சொல்லலாம். ஒருநாள் ஆரும் அதிலயிருந்து ஒழுங்கான மருந்து செய்தாலும் செய்வினம்."

"அப்ப இப்ப குளிசைதான் வேணும்."

"ஓம், குளிசைதான்."

"அதை ஆரிட்டைக் கேக்கவேணும்?"

புதுக்குடியிருப்பில் இயங்கிய அரச அலுவலகமான கச்சேரிக்குப் போனாள். வன்னிக்கு வரவேண்டிய மருந்துகளுக்கு அங்கிருந்துதான் அரசாங்கத்துக்கு எழுதுவார்கள். அங்கே மருந்து விஷயம் பார்த்த உத்தியோகத்தர் வழுக்கை விழுந்த, களைத்த மனிதர். டொக்டரின் கடிதத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, நான் எழுதலாம். கேக்கிறதில பாதி, சண்டை நடக்கிற இடமெண்டு, மேல அரசாங்கத்தில வெட்டுப்படும். வயித்துப்புண்ணுக்கெண்டா முதல் வெட்டு அதுக்குத்தான் விழும்."

"வெட்டட்டும் ஐயா. திருப்பி எழுதுங்கோ."

"திருப்பியும் வெட்டினா?"

"நான் திருப்பியும் வருவன்."

வந்தாள். மழையில் வீதி அறுந்து போயிருந்த கிழமையும் சேறு மிதித்து வந்தாள். இரண்டாம் தடவை போனபோது வளவு வாசலில், படலையடியில், இரஞ்சிதம் குடையோடு நின்றாள். ஆவணிக்குப் பிறகு அவர்கள் இருவரும் முகம் கொடுத்துக் கதைத்ததில்லை.

"நானும் வாறன்," என்றாள் இரஞ்சிதம். "இரத்தம் கக்கின மனுசன்ர பெண்சாதியும் வந்து நிண்டாத்தான் அவை விளங்குவினம்."

நெடுவழி நடந்தார்கள். பாதி வழியில் இரஞ்சிதம், "அண்டைக்குச் சொன்னதை மனசில வையாத," என்றாள். "வைச்சனான் அக்கா," என்றாள் புனிதமலர், "இப்ப இறக்கிப்போட்டன்." அதற்குப் பிறகு மிளகாய் விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு போனார்கள்.

அந்த உத்தியோகத்தர் பிறகு அவர்களைக் கண்டதும் கதிரை போடச் சொல்லுவார். முதல் லொறியில் வரவில்லை. அதற்கு அடுத்ததிலும் வரவில்லை. மாசி மாதம் வந்த லொறியில் வந்தது. தயாபரன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். இரண்டு பெண்களும், வின்சனும், மெலிந்து போயிருந்த கனகலிங்கமும் போனார்கள்.

மேசையில் குளிசைப் பெட்டிகள் இருந்தன. டொக்டர் அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "என்ர பகுதியில இரத்தம் போன ஆக்களுக்குப் போக, ஒராளுக்குக் கூட மிச்சமில்லை. கனகலிங்கத்தாருக்கு இருக்கு. வின்சனுக்கு இந்த முறை இல்லை."

இரஞ்சிதம்தான் முதலில் வாய் திறந்தாள்.

"பாதி பாதியாப் பிரிப்பம் டொக்டர். இவளும் எவ்வளவு நடந்தவள்."

"ஏலாதம்மா. பாதி மருந்தில கிருமி சாகாது. மருந்துக்குப் பழகிப்போடும். பிறகு முழு மருந்துக்கும் அடங்காது. ரெண்டு பேருக்கும் இல்லாமப் போகும்."

எல்லோரும் புனிதமலரைப் பார்த்தார்கள். கச்சேரிக்கு நடந்தவள் அவள். வின்சனின் விலா எலும்பு சட்டைக்கு மேலாகத் தெரிந்தது. இதுதான் நியாயம் என்று அவளுக்குத் தெரிந்தது. நியாயமாக இருந்தது என்பதற்காக அது நோகாமல் இல்லை.

"அவருக்கு இன்னொருக்கா இரத்தம் போனாத் தாங்கமாட்டார்," என்றாள். "கனகலிங்கம் அண்ணைக்கே குடுங்கோ. நான் நாளைக்குக் கச்சேரிக்குப் போறன்."

கனகலிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வின்சன் அவர் தோளில் கைவைத்து, "எடுங்கோ அண்ணை, எனக்குப் பிறகு வரும்," என்றான்.

கனகலிங்கத்துக்கு மூன்றாம் நாளே வாய் கைத்தது, வயிறு குமட்டியது. கொஞ்சம் சுகமாகிவிட்டது, போதும் என்று குளிசையைத் தள்ளி வைக்கப் பார்த்தார். புனிதமலர் காலையும் மாலையும் வேலியைத் தாண்டி வந்து, செம்பில் தண்ணீரோடு அவருக்கு முன்னால் நின்றாள்.

"விழுங்கினாத்தான் போவன்."

"நீ என்ன பிள்ளை, பொலிசோ?"

"பொலிசெண்டா விட்டிட்டுப் போயிருக்கும். விழுங்குங்கோ அண்ணை."

அவர் இரண்டு கிழமையும் முழுக்க விழுங்கினார். வின்சனுக்கான குளிசை வைகாசியில் வந்தது. அவனுக்கு முன்னாலும் அவள் அதே செம்போடு நின்றாள். அவன் முறைப்பாடு சொல்லாமல் விழுங்கினான், கடைசிக் குளிசையை விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினான்.

அந்த வருஷத்து மாரி மழையில் வின்சனுக்குக் குத்து வரவில்லை. அதற்கு அடுத்த மாரியிலும் வரவில்லை. கனகலிங்கம் நாரியைப் பிடித்துக்கொண்டு, குளிசை போடாமல், வயலுக்குப் போய் வந்தார்.

தயாபரன் வயிற்றுப்புண் மருந்து தொடங்குகிற ஆட்களை எல்லாம் இப்போது புனிதமலரிடம் சொல்லி அனுப்பினார். அவள் வீடு வீடாகப் போய்க் குளிசை விழுங்குவதைப் பார்த்தாள், கறுப்பாகப் போகிறதா என்று வெட்கம் பாராமல் கேட்டாள், நோவுக்குளிசை ஒளித்து வைத்திருந்தால் கண்டுபிடித்தாள். எண்ணெய் கேட்டு இன்னும் ஓரிருவர் வருவார்கள். அவள் அவர்களை உள்ளே இருத்தி, நடந்ததை முதலில் இருந்து கடைசி வரைக்கும் சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு அவர்களோடேயே ஆசுப்பத்திரிக்கு நடப்பாள்.